மூணாம் கேட் பாட்டின் இரண்டாம் சரணம்

பிளம் பெண்ட், நெப்ராஸ்கா
3 பிப்ரவரி 2009

ராய்ஸ்,

உன் விலாசத்தை உன் மக ட்ரிஷ்தான் குடுத்தா. அவளைத் திட்டாத. போன் நம்பரும் கேட்டேன், அதைத் தரமாட்டேன்னுட்டா. அப்பன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கு.

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நாம எழுதின 'மூணாம் கேட்' பாட்டு ஜெயிச்சிருக்கு. மாநிலத்துக்குன்னு ஒரு ராக் பாட்டு வேணும்னு சட்டமன்றத்துல பேசி, பத்துப் பாட்டைப் பொறுக்கி, ஜனங்களை இன்டர்நெட்ல ஓட்டுப் போடச் சொன்னாங்க. விழுந்ததுல பாதிக்கு மேல நமக்கு. மாநிலப் பறவை இருக்கு, மாநில மரம் இருக்கு, இனிமே மாநில ராக் பாட்டு நம்மளுது. சேதி வந்தப்போ பள்ளிக்கூடச் சமையல்கட்டுல நின்னு இலவங்கப்பட்டை ரொட்டிக்கு மாவைச் சுருட்டிக்கிட்டிருந்தேன். சிரிச்ச சிரிப்புல மாவுத்தட்டைக் கீழ போட்டுட்டேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒமாஹா பசங்க நாலு பேரு அதைப் புதுசாப் பாடினாங்கள்ல, அதனாலதான் இவ்வளவும். சனிக்கிழமை புட்பால் மைதானத்துல எதிர் டீம் இறங்கும்போது மொத்தக் கூட்டமும் எந்திரிச்சு நின்னு "முகத்தைக் காட்டு, முகத்தைக் காட்டு"ன்னு கத்துது. எதுக்காக எழுதின வரின்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ரெண்டாம் சரணத்தை அந்தப் பசங்க தூக்கிட்டாங்க. தீர்மானம் கொண்டுவந்த செனட்டர் ஆஷ்பியம்மாவும் "அது இல்லாமலே அம்சமா இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க.

எழுதினவங்க ரெண்டு பேரும் சம்மதம்னு கையெழுத்துப் போடணுமாம். படிவம் உள்ள இருக்கு. மார்ச் 25-ம் தேதி லிங்கன்ல கமிட்டி கூடுது.

கோர்ட்டுல நீ என் புருஷனைக் கைகாட்டின அன்னிக்கே உன்னோட பேச்சு முடிஞ்சுது. ஹார்வி ஜெயில்ல செத்தும் பத்தொன்பது வருஷமாச்சு. நான் எனக்காக எழுதல. என் மகன் ஜோயலுக்கு இருபத்தஞ்சு வயசு. "கொலைகாரன் மகன்"னு இந்த ஊரு கூப்பிட்டுக் கூப்பிட்டே வளர்ந்தவன். ஒரு நாளாவது நம்ம குடும்பத்துப் பேரு நல்ல சேதியா பேப்பர்ல வரட்டும்.

நீ எதுவும் எழுத வேண்டாம். கையெழுத்துப் போட்டு அனுப்பு, போதும்.

வெர்னா


ஸ்காட்ஸ்ப்ளஃப்
12 பிப்ரவரி 2009

திருமதி வெர்னா ரைமர் அவர்களுக்கு,

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன்.

என் இடது கையில் இப்போது இரண்டு விரல்களும் ஒரு கட்டைவிரலும் இருக்கின்றன. அதில் ஒன்று மடங்காது. பீட்கிழங்கு லாரிகளை எடை போடும் வேலைக்கு அது போதும். கிட்டார் வாசிக்கப் போதாது. அந்தப் பாட்டின் மெட்டைப் போட்டது அந்தக் கை. பாட்டு எங்காவது கடையில் ஒலித்தால் சாமான்களைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறேன்.

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். கூலியைக் குறைத்ததற்காக இறைச்சி ஆலையில் எல்லோரும் வேலைநிறுத்தம் செய்து வெளியே வந்தபோது நானும் வந்தேன். ஐந்து மாதம் ஆலையின் மூணாம் கேட்டில் உங்களோடு நின்றேன். தகர டிரம்மில் விறகு எரித்துக்கொண்டு, உன் குரலுக்கு வாசித்துக்கொண்டு. பிறகு ட்ரிஷ் பிறந்தாள், இதயத்தில் ஓட்டையோடு. அறுவை சிகிச்சைக்கு ஆலையின் காப்பீடு வேண்டும். வேலைக்குத் திரும்பினால்தான் காப்பீடு. உன்னிடம் வந்து சொன்னேன். "கருங்காலிக்கு என் வீட்டில் காபி கிடையாது" என்று கதவைச் சாத்தினாய்.

ஜனவரி 21, 1986. காலை ஐந்தே முக்கால். பக்கத்து சீட்டில் கிழவர் எமில் கோலர். அவர் கார் கிளம்பவில்லை என்று என்னோடு வந்தார். கேட்டுக்கு முன்னால் கோடரிக் காம்புகளோடு நாற்பது பேர். கண்ணாடிகள் உடைந்தன. என் பக்கக் கதவைத் திறந்து முடியைப் பிடித்து இழுத்தார்கள். வெளியே போனால் கொன்றுவிடுவார்கள் என்று காரின் கதவோரத் தூணை இடது கையால் பற்றிக்கொண்டேன். உன் புருஷன் கதவை அந்தக் கைமேல் சாத்தினான். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. எல்லோரும் "முகத்தைக் காட்டு" என்று பாடிக்கொண்டிருந்தார்கள். உன் குரலும் அதில் இருந்தது.

எமில் ஒன்பது நாள் கண் விழிக்காமல் கிடந்து செத்தார்.

இரண்டாம் சரணத்தை வெட்டிவிட்டார்களாமே. அது நான் எழுதியது. உன் கார் ஷெட்டில், பீர் போதையில், வேடிக்கைக்காக.

கருங்காலி வண்டி வருது பார்
கதவைத் திற, கையை இழு
நம்ம ரத்தமா இருந்தா என்ன
பனியில எல்லாம் ஒரே சிவப்பு

"இதுதான்டா பாட்டோட உசுரு" என்று என் முதுகில் தட்டினாய். அந்த நாலு வரியையும் சேர்த்து மாநிலம் பாடட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை கட்டி நின்று பாடட்டும். அப்போது கையெழுத்துப் போடுகிறேன்.

ராய்ஸ் வோண்ட்ரா


பிளம் பெண்ட்
19 பிப்ரவரி 2009

ராய்ஸ்,

கைய பத்தி எழுதினியே, ஹார்விய பத்தி நான் எழுதறேன், படி.

பதினஞ்சு வருஷம் போட்டாங்க. நாலாவது வருஷம், சாப்பாட்டுக் கூடத்துல, தட்டோட வரிசையில நின்னிருக்கான். எவனோ ஒருத்தன் கரண்டிக் காம்பைச் சிமெண்டுத் தரையில தேச்சுக் கூராக்கி வச்சிருந்தான். காதுக்குக் கீழ ஏழு குத்து. சண்டை இவனோடதுகூட இல்ல, முன்னாடி நின்னவனோடது. ஆளு மாறிப் போச்சாம். உடம்பை நான்தான் அடையாளம் காட்டினேன். தட்டுல இருந்த உருளைக்கிழங்கு மசியல் சட்டைப்பையில காஞ்சு ஒட்டியிருந்துச்சு. அதைச் சுரண்டிக்கிட்டே நின்னேன், வேற எதைப் பார்க்கறதுன்னு தெரியாம.

ஹார்விய அந்த ஜெயிலுக்கு நீதான் அனுப்பி வச்ச. சாட்சிக் கூண்டுல கட்டுப்போட்ட கையத் தூக்கி, "இவன்தான் எமிலைக் கோடரிக் காம்பால அடிச்சான்"ன்ன.

இதுக்கு மேல எழுதறதை மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். நாலாவது தடவை இது.

கதவைச் சாத்தினது ஹார்வி இல்ல. நான்.

உன் கை தூண்ல இருந்தது தெரியாம சாத்திட்டேன்னு எழுதினேன், அதைத்தான் கிழிச்சேன். தெரிஞ்சுதான் சாத்தினேன். எந்தக் கைன்னும் தெரியும். அஞ்சு மாசம் பக்கத்துல நின்னு பாடினவன், என் கூடப் பொறந்தவன், அந்தக் காருக்குள்ள உக்காந்து என்னைப் பார்க்காம ரோட்டைப் பார்த்த. முதல் தடவை சரியா மூடல. தோளைக் குடுத்து ரெண்டாவது தடவை அடிச்சேன். கறிவெட்டுற வரிசையில எலும்பு உடையுற சத்தத்தை ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கேட்டவ நான். இது வேற மாதிரி இருந்துச்சு. ஹார்வி பின்னாடிலேர்ந்து என் இடுப்பைக் கட்டி இழுத்தான். "அடியே, உன் தம்பிடீ, விடுடீ"ன்னு கத்தினான். நான் பாடிக்கிட்டே இருந்தேன்.

படிவத்தைத் திரும்ப உள்ள வச்சிருக்கேன். இப்ப கையெழுத்துப் போட்டாப் போடு, போடாட்டிப் போ.

வெர்னா


ஸ்காட்ஸ்ப்ளஃப்
1 மார்ச் 2009

வெர்னா,

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். பிறகு உள்ளே வந்து இன்னொரு தடவை படித்தேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன். ஹார்வி உன்னைப் பின்னாலிருந்து இழுத்தான் என்கிறாய். அப்படியென்றால் அவன் என் பக்கத்துக் கதவில் இருந்தான். எமிலை அடித்தது அவர் உட்கார்ந்திருந்த மறுபக்கத்துச் சன்னல் வழியாக.

என் தலை ஸ்டியரிங்மேல் அமுங்கிக் கிடந்தது. கண்ணில் ரத்தம். எமில் "வேண்டாம், வேண்டாம்" என்றார், பிறகு ஒரு சத்தம், பிறகு அவர் பேசவில்லை. அடித்தவன் யாரென்று நான் பார்க்கவே இல்லை. என் பக்கத்தில், பனியில், நாலைந்து பூட்ஸ்களை மட்டும் பார்த்தேன். அதில் ஒரு ஜோடி ஹார்வியுடையது. இடது பூட்ஸில் பச்சைக் கயிறு கட்டியிருப்பானே, அது.

என் கையை நொறுக்கியவன் அவன் என்று நம்பினேன். அதற்காக எமிலின் சாவை அவன் தலையில் கட்டினேன். "நீ நிச்சயமாகப் பார்த்தாயா?" என்று வக்கீல் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் "பார்த்தேன்" என்றேன். சொல்லிவிட்டு அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

செய்யாததற்காக அவன் உள்ளே போனான், செத்தான்.

ஆனால் நீ? "என் புருஷன் அந்த நேரம் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் வீட்டுக்கு வந்திருப்பானே. ஏன் சொல்லவில்லை? எனக்குத் தெரிந்துவிட்டது. நீ எழுத வேண்டாம்.

ராய்ஸ்


பிளம் பெண்ட்
5 மார்ச் 2009, சாயங்காலம்

ராய்ஸ்,

விரைவுத் தபால்ல போடறேன். அவனுக்கு முன்னாடி வந்து சேராதுன்னு தெரியும்.

உன் கடிதத்தை ஜோயல் படிச்சிட்டான். நான் சமையல்கட்டு மேசையிலேயே வச்சிட்டு வேலைக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா கடிதத்துமேல என் காபிக் கோப்பை உடைஞ்சு கிடக்குது. பிக்கப் வண்டியைக் காணோம். அவன் டூல் பெட்டி திறந்து கிடக்குது, வீல் ஸ்பேனர் இல்ல.

உன் நம்பர் எந்த டைரக்டரியிலயும் இல்ல. ட்ரிஷ் எடுக்கல, ஆஸ்பத்திரி டூட்டியாம். உங்க ஊரு ஷெரீப் ஆபீசுக்குப் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்து "சொல்லுங்கம்மா"ன்னா. கையில இரும்போட ஒருத்தன் வர்றான்னு சொன்னா இவங்க துப்பாக்கியோட போவாங்க. வச்சிட்டேன். திரும்ப எடுத்தேன். திரும்ப வச்சிட்டேன். என் தம்பியா, என் மகனான்னு போன் முன்னாடி உக்காந்திருக்கேன்.

நீ கேட்டதுக்குப் பதில். ஹார்விதான் வேண்டாம்னான். "நீ கூண்டுல ஏறினா கதவைச் சாத்தினது நீன்னு வெளிய வரும். ரெண்டு பேரும் உள்ள போனா பிள்ளைய யாரு பார்ப்பா? நாலஞ்சு வருஷத்துல வந்திடுவேன், வாயத் திறக்காத"ன்னான். நானும் திறக்கல. எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு.

கதவைத் திறக்காத ராய்ஸ். தயவுசெஞ்சு திறக்காத.

அக்கா


ஸ்காட்ஸ்ப்ளஃப், ஆஸ்பத்திரி
15 மார்ச் 2009

அக்கா,

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது. உறிஞ்சு குழாயில் சூப். எழுத வலது கை இருக்கிறது. அதை அவன் தொடவில்லை.

ஆறாம் தேதி விடியும்போது வந்தான். கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பின்னால் பிக்கப் நின்றது. "ராய்ஸ் வோண்ட்ராவா?" என்றான். திரும்பாமலே "ஆமா" என்றேன்.

"முகத்தைக் காட்டு."

திரும்பினேன். ஹார்வியே நின்றதுபோல் இருந்தது, அதே நெற்றி, அதே காது. அந்த அதிர்ச்சியில் நின்றுவிட்டேன். முதல் அடி தாடையில். பற்கள் நாக்குமேல் கொட்டியது தெரிந்தது. இரண்டாவது விலாவில். விழுந்த பிறகு காலால். "பார்த்தியா? பார்த்தியாடா? மூணு தடவை பார்த்தேன்னியே, பார்த்தியா?" ஒவ்வொரு உதைக்கும் ஒரு தடவை கேட்டான். பதில் சொல்ல வாய் இல்லை. கையைத் தூக்கித் தடுக்கவும் தோன்றவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. உடம்பு அசையவில்லை, அவ்வளவுதான்.

ஸ்பேனரைத் தலைக்கு மேலே ஓங்கினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எமில் இதைத்தான் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். இரும்பு பனியில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவன் அழுகை. என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தான், ரத்தம் தொண்டையில் போகாமல். வாயில் விரலை விட்டு உடைந்த பல்லை எடுத்துப் போட்டான். ஜாக்கெட்டைக் கழற்றித் தலைக்கு அடியில் வைத்தான். "மாமா, தூங்கிடாத, மாமா, கண்ணைத் திற" என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை முதன்முதலாக அப்போதுதான் கேட்டேன். என் போனிலிருந்தே ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஷெரீப் ஆள் வந்து "யாருன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார். காகிதத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். ஜாக்கெட்டில் 'பிளம் பெண்ட் தீயணைப்புப் படை' என்று தைத்திருக்கிறது. "இது யாருது?" என்றார். "என்னுடையது" என்று எழுதினேன். அவர் என்னையும் ஜாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு ட்ரிஷ்ஷிடம் கொடுத்திருக்கிறேன். எந்தச் சரணமும் கேட்கவில்லை. உனக்கு எது சரியோ செய்.

ராய்ஸ்


பிளம் பெண்ட்
27 மார்ச் 2009

ராய்ஸ்,

லிங்கன் போயிட்டு வந்துட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

கமிட்டி அறை நிறைஞ்சிருந்துச்சு. ஒமாஹா பசங்க கிட்டாரோட வந்து ரெண்டு நிமிஷம் வாசிச்சாங்க. செனட்டருங்க டை கட்டிக்கிட்டு மேசைக்கடியில கால் தட்டினாங்க. ஒருத்தர் "முகத்தைக் காட்டு"ன்னு கத்த, எல்லாரும் சிரிப்பு. கடைசி வரிசையில எமிலோட மக லொரெய்ன் கோட்டைக்கூடக் கழட்டாம உக்காந்திருந்தா. அவளைப் பார்க்கலேன்னா ரெண்டு படிவத்தையும் குடுத்துட்டு வந்திருப்பேனோ என்னவோ.

ஆஷ்பியம்மா என்னைக் கூப்பிட்டு, "பாட்டு பிறந்த கதையச் சொல்லுங்க"ன்னாங்க. "முதல்ல நீங்க வெட்டின சரணத்தைக் கேளுங்க"ன்னு பாடினேன். குரல் போயிடுச்சு ராய்ஸ், காக்கா கத்தற மாதிரிதான் வந்துச்சு. "நம்ம ரத்தமா இருந்தா என்ன"ன்னு பாடும்போது ஒருத்தர் மட்டும் தாளம் போட்டுக்கிட்டிருந்தார், அப்புறம் அவரும் நிறுத்திட்டார். பாடி முடிச்சு எல்லாத்தையும் சொன்னேன். கதவு, உன் கை, நீ பார்க்காதது, நான் சொல்லாதது. ஹார்வி எமிலைத் தொடலேன்னு மைக்குல சொன்னேன். "அப்ப யாரு அடிச்சது?"ன்னு கேட்டாங்க. "தெரியாது. கூட்டத்துல நாங்க நாப்பது பேர் பாடிக்கிட்டிருந்தோம்"னேன்.

வெளிய வராந்தாவுல லொரெய்ன் வந்து நேரா என் முகத்துக்கு முன்னாடி நின்னா. ஓங்கி ஒரு அறை. மோதிரம் உதட்டைக் கிழிச்சிடுச்சு. "இருபத்து மூணு வருஷமா நான் தப்பான ஆளைச் சபிச்சிக்கிட்டிருந்தேன்டி"ன்னா. இன்னொரு அறை. காவலர் ஓடி வந்தார், "விடுங்க, நானும் அவளும் பேசிக்கிட்டிருக்கோம்"னேன். அவ என் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. ரெண்டு பேர் சட்டையிலயும் என் ரத்தம்.

தீர்மானத்தைக் கிடப்புல போட்டுட்டாங்க. ரெண்டாவதா வந்த பாட்டை எடுத்துக்கப் போறாங்களாம். கோடைக்காலம், திறந்த கார், ஒரு பொண்ணு, அவ்வளவுதான் அதுல. நல்ல மெட்டு. பாடிட்டுப் போகட்டும்.

ஜோயல் விஷயம். வீட்டுக்கு வந்தவன் மூணு நாள் குளிக்கல, சட்டைக்கையில உன் ரத்தத்தோட உக்காந்திருந்தான். உன் கடிதம் வந்ததும் படிச்சுக் காட்டினேன். "பார்க்கலைன்னா எழுதினாரு?"ன்னு கேட்டான். முந்தாநாள் லிங்கன்லேர்ந்து என்னை வீட்டுல இறக்கிவிட்டுட்டு வண்டிய அணைக்கல. "அம்மா, எனக்காக யாரும் பொய் சொல்ல வேணாம்"னான். உங்க ஊரு ஷெரீப் ஆபீசுக்குப் போய்ச் சொல்லிட்டு அங்கயே உக்காந்துட்டான். தாக்கின கேஸு. ஒரு வருஷமாவது போடுவாங்கன்னு வக்கீல் சொல்றார். அவன் போறதைப் பார்த்துக்கிட்டு வாசல்ல நின்னேன், தடுக்கல.

நானூத்தம்பது மைலு. என்னால மாசத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும். நடுவுல நீ போய் அவனைப் பார்த்துக்கோன்னு கேக்கற யோக்கியதை எனக்கில்ல. கேக்கறேன்.

அக்கா


ஸ்காட்ஸ்ப்ளஃப்
12 ஏப்ரல் 2009

அக்கா,

ஈஸ்டருக்கு ட்ரிஷ் வந்திருந்தா. அவதான் என்னைக் கவுண்டி ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போனா. உள்ள வரமாட்டேன்னு கார்லயே இருந்துட்டா. அவளுக்குக் கோபம் தீரல, தீரவும் வேண்டாம்.

பத்து நாள் முன்னாடிதான் கம்பியக் கழட்டினாங்க. வாய் அரை அங்குலம் திறக்குது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜோயல், இந்தப் பக்கம் நான், நடுவுல போன். அவனுக்கு ஒரு கண்ணு வீங்கி மூடியிருந்துச்சு. சாப்பாட்டு வரிசையில எவனோ இடிச்சானாம், திருப்பி அடிக்காம நகர்ந்துட்டானாம். ஹார்வி செத்த கதையை நினைச்சிருப்பான்னு எனக்குப் பட்டுச்சு.

ரெண்டு பேரும் போனைக் காதுல வச்சோம். பக்கத்துப் பொம்பளை தன் புருஷனை ஏதோ ஒரு பல்செட்டு ஒட்டற பசைக்காகத் திட்டிக்கிட்டிருந்தா.

அப்புறம் அவன், "அப்பாவும் உங்க பாட்டு கோஷ்டியில இருந்தாரா?"ன்னு கேட்டான்.

உங்கப்பனுக்கு சங்கீதம் சுத்தமா வராதுடான்னேன். ஒத்திகைக்கு வந்து ஷெட்டு மூலையில சாக்குமேல உக்காந்துக்குவான். நாம நாலாவது அடியில நிறுத்தினா அவன் அஞ்சாவது அடியில தனியாக் கை தட்டுவான். ஒரு நாள் நீ பொறுக்க முடியாம டிரம் குச்சியத் தூக்கி எறிஞ்ச, அது நெத்தியில பட்டு வீங்கிருச்சு, மறுநாள் வேலையில கேட்டவங்க கிட்டல்லாம் "பன்னி உதைச்சிருச்சு"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். கல்யாணத்தன்னிக்கு உனக்காக ஒரு பாட்டு பாடறேன்னு மேடையேறி, ரெண்டு வரிக்கு மேல மறந்துபோய், அதே ரெண்டு வரிய பதினோரு தடவை பாடினான். நான் எண்ணினேன். பதினோரு தடவையும் வேற வேற மெட்டு.

ஜோயல் போனைக் கீழ வச்சிட்டு மேசையில தலையக் கவுத்துக்கிட்டான். தோள் குலுங்கிச்சு. அழறான்னு நினைச்சேன். நிமிர்ந்தப்போ சிரிச்சிக்கிட்டிருந்தான், கண்ணு ரெண்டும் வழிஞ்சுது, வீங்கினதும்.

காவலர் நேரமாச்சுன்னார். இன்னும் நிறைய இருக்கு, அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றேன்னேன்.

அவன் போனைத் திரும்ப எடுத்து, "மெதுவாச் சொல்லுங்க மாமா. பல்லு இல்லாததால பாதி புரியவே இல்ல"ன்னான்.

தம்பி
ராய்ஸ்